நாலு விடைக்கும் ஒரே குரல்

இஸ்திரியக்காவின் குரலில் மேடு பள்ளம் கிடையாது. "வெளியில வெயில் அதிகம்" என்பதையும் "வீடு தீப்பிடிச்சிடுச்சு" என்பதையும் அவள் ஒரே மாதிரிதான் சொல்வாள். எதற்கு ஓட வேண்டும், எதற்கு உட்கார்ந்திருக்கலாம் என்று கேட்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். "குரலுக்கு இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்கா" என்று அவளுடைய அண்ணன் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லப்போய், அந்தப் பெயர் வீட்டைத் தாண்டி, ஆபீசைத் தாண்டி, தேர்வு மையம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. பிறவியிலேயே வந்த குரல் அல்ல அது, பாடுபட்டுச் சம்பாதித்தது.

வார நாட்களில் அவளுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. தொலைபேசியில் புகார் வாங்கும் நாற்காலி. தண்ணீர் வராதவர்களும், வந்த தண்ணீர் நாறியவர்களும், குழாய் உடைந்து தெருவே குளமானவர்களும் அவள் காதில்தான் கத்துவார்கள். எவ்வளவு கத்தினாலும் அது சுவரில் எறிந்த பந்துபோலத் திரும்பி வருவதால் அவர்களே களைத்துப்போய் முகவரியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அது சோற்றுக்கு. நுழைவுத் தேர்வுகள் வந்துவிட்டால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மையத்துக்குப் போய்விடுவாள். கண் தெரியாத பிள்ளைகளுக்கும், எழுத்துகள் இடம் மாறிக் குழம்பித் தெரியும் பிள்ளைகளுக்கும் அங்கே தனி அறை உண்டு, கூடுதல் நேரம் உண்டு, வினாத்தாளை உரக்க வாசித்து, சொல்லும் விடையைக் குறிக்க ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் இவள்.

இதைச் சலுகை என்று சொல்லி உதட்டைச் சுழிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணைக் கட்டிவிட்டு, கேள்வியைக் கண்டுபிடித்துப் பதில் எழுதுங்கள் என்று சொன்னால் அப்போது தெரியும் சேதி.

வாசிப்பவருக்கு விதிகள் ஏகப்பட்டவை. கேள்வியில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும். விளக்கக் கூடாது. எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் திரும்ப வாசிக்க வேண்டும். நாலு விடைகளில் எதையும் அழுத்தவோ இழுக்கவோ கூடாது. அந்தப் பாடத்தைப் பட்டத்துக்குப் படித்தவராக இருக்கவே கூடாது, தெரிந்தவர் வாய் சும்மா இருக்காது என்பதால். இஸ்திரியக்கா படித்தது வரலாறு. அதனால் அறிவியல் தேர்வுகளுக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். விதியில் இல்லாத ஒன்றையும் அவளே சேர்த்துக்கொண்டாள். பிள்ளைகள் விடை சொன்னதும் "சரி" என்று சொல்வது இயல்புதானே. அதைக் கேட்டால் விடையே சரி என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக்கூடும். ஆகவே அந்தச் சொல்லையே வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "குறிச்சுட்டேன்" என்பாள். அல்லது, "திரும்ப வாசிக்கட்டுமா?"

தேர்வு அறையில் விட்ட சொல் வீட்டிலும் திரும்ப வரவில்லை. "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று அண்ணி சொன்னால் "கேட்டேன்" என்பாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

முன்பு அப்படி இல்லை. அண்ணன் இருந்தவரை அவன் நடுவில் உட்கார்ந்து இருவரையும் கலாய்த்து எப்படியோ பேச வைத்துவிடுவான். அண்ணி, மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்த ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். இவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இவள்தான் அண்ணிக்குப் போன் செய்தாள். "அண்ணனுக்கு மாரடைப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரியில சேத்தேன். இறந்துட்டார்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "திரும்பச் சொல்லட்டுமா?"

வேண்டுமென்றே சொன்னதல்ல. பதறும்போது மனிதனுக்குக் கைப்பழக்கம்தான் துணைக்கு வரும், இவளுக்கு வந்தது அது. ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் அந்த வாக்கியம் காலும் கையும் முளைத்து நடந்தது. கல்நெஞ்சக்காரி என்றார்கள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கீழ்வீடு அண்ணிக்கு, மாடி அறை இவளுக்கு. சமையல் ஒன்றுதான். இவளுடைய பங்கைத் தட்டால் மூடி மேடையில் வைத்துவிட்டு அண்ணி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இவள் அதை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்த் தனியாகச் சாப்பிடுவாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுவது மற்றவளுக்குத் தெரியாது.

ஆக, அவளுக்காக யாராவது காத்திருந்தார்கள் என்றால் அது அந்தத் தேர்வு மையத்தில் மட்டும்தான். அதிலும் டயர்க்கடைக்காரர் மகள்.

அந்தப் பெண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். பிசியோதெரபி படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "இந்த வேலைக்குக் கை பார்த்தாப் போதும்" என்பாள். போன வருஷம் கொஞ்சத்தில் இடம் தவறிவிட்டது. இந்த வருஷம் மையம் நடத்திய பயிற்சித் தேர்வுகளுக்கெல்லாம் விடாமல் வந்தாள். அப்பா, ரப்பர் கறை போகாத கைகளோடு கொண்டுவந்து விட்டுவிட்டு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். வினாத்தாள் வருவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களில் அவள் தவறாமல் ஒன்று கேட்பாள்.

"அக்கா, இன்னிக்கு என்ன கலர்ல உடுத்தியிருக்கீங்க?"

"நீலம்."

"வானத்து நீலமா, பேனா மை நீலமா?"

"பேனா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பயிற்சித் தேர்வு நாட்களில் இஸ்திரியக்கா காலையில் அலமாரி முன்னால் நின்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். அவள் என்ன உடுத்துகிறாள் என்று கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. பெண்ணின் மதிப்பெண்ணும் தேர்வுக்குத் தேர்வு ஏறிக்கொண்டே போனது.

நிஜத் தேர்வுக்குச் சில நாள் முன்பு தலைமைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் கெட்ட செய்தியைச் சொல்லும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

"அந்தப் பொண்ணு வேற வாசிப்பாளர் வேணும்னு கேட்டிருக்கும்மா."

"காரணம்?"

"கேட்டேன். சொல்லல. அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு, நாம ஒண்ணும் பண்ண முடியாது. கல்லூரி ஆசிரியர் ஒருத்தர் வராரு. நீங்க மாற்று ஆளா வராண்டாவுல இருங்க."

"கேட்டேன் சார்" என்றாள்.

மாடி அறைக்கு வந்து கதவைச் சாத்தியவள், மூடிய தட்டைத் திறக்கவே இல்லை. அவளுக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தாள். எல்லாரும் சொல்வதுதானே. செத்த குரல். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் சலித்துப் போயிருக்கும். கண்ணாடி முன்னால் நின்று செய்தித்தாளில் ஒரு பத்தியை உணர்ச்சியோடு வாசித்துப் பார்த்தாள். சோப்பு விளம்பரம்போல இருந்தது. அவளுக்கே சகிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அழுதாள். அதிலும் சத்தம் இல்லை.

தேர்வு நாளன்று வராண்டா பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். கல்லூரி ஆசிரியர் வந்தார். இளைஞர், வானொலிக் குரல், நாலு பேருக்கு வணக்கம் சொன்னால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கண்காணிப்பாளர் அவருடைய சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விலங்கியலா சார் நீங்க?"

"ஆமா. முதுகலை. தங்கப் பதக்கம்."

"பதக்கமெல்லாம் சந்தோஷம் சார். உயிரியல் தாளுக்கு நீங்க வாசிக்க முடியாதே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மணி அடிக்க அதிக நேரம் இல்லை. வேறு ஆளும் இல்லை. கண்காணிப்பாளர் வராண்டாவைப் பார்த்தார். வரலாறு படித்த இஸ்திரியக்கா எழுந்து நின்றாள்.

தனி அறை என்பது மாடிப்படிக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான்கள் போடும் அறை. சுருட்டிய பாய்கள், காற்றுப் போன பந்துகள், ஒரு மேஜை, மூன்று நாற்காலி. அறைக்குக் காவல் ஓர் ஓவிய ஆசிரியர். அவர் வினாத்தாள் உறையை வாங்கப் போயிருந்தார். இஸ்திரியக்கா உள்ளே காலை வைத்ததுமே, அவள் வாய் திறக்கும் முன்பே அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"நீங்களாக்கா?"

"நான்தான். அவருக்கு விதி இடம் கொடுக்கல. நான் வேண்டாம்னா சொல்லு, தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"தள்ளிவச்சா அடுத்த வருஷம்தான்."

இஸ்திரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். "என் குரல்ல என்ன குறை?"

"குரல்ல ஒண்ணும் இல்லக்கா. மூச்சுல இருக்கு."

"மூச்சா?"

"சரியான விடை வர்றதுக்கு முன்னாடி லேசா ஒரு மூச்சு எடுப்பீங்க. ரொம்ப லேசு. மத்தவங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது."

"எனக்கு உயிரியல் தெரியாது. நான் படிச்சது வரலாறு."

"எத்தனை வருஷமா வாசிக்கறீங்க?"

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். வருஷக்கணக்கில் ஒரே பாடத்தை ஒவ்வொரு கேள்வியாக, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை உரக்க வாசித்தால் எந்த மண்டையிலும் ஏறாமல் இருக்குமா? தெரிந்த ஆள் வாசிக்கக் கூடாது என்று விதி எழுதிய புத்திசாலிகளுக்கு, வாசித்து வாசித்தே ஆள் தெரிந்துகொள்வான் என்று தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. இன்சுலினைச் சுரப்பது எது என்று மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். கல்லீரல், கணையம், மண்ணீரல், பித்தப்பை. கணையத்துக்கு முன்னால் நெஞ்சு தானாகவே கொஞ்சம் உயர்ந்தது.

"ஒரு பயிற்சித் தேர்வுல தெரியாத கேள்விக்கு உங்க மூச்சைக் கேட்டுச் சொன்னேன்" என்றாள் பெண். "சரியா இருந்துச்சு. அடுத்ததுலயும் செஞ்சேன். நல்ல மார்க்குன்னு அப்பா கடையில எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு. எனக்குக் குடிக்கப் பிடிக்கல. நான் வாங்கின மார்க்கா, நீங்க வாங்கின மார்க்கான்னே தெரியல."

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்களை எடுத்துடுவாங்க." கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நான் ஒருத்தரோட தோள்ல கை வைக்கணும்க்கா. அப்ப பக்கத்துல நின்னு நீங்க மூச்சு விட மாட்டீங்க."

இஸ்திரியக்காவுக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. அதோடு, சொன்னால் அசிங்கம், சந்தோஷமாகவும் இருந்தது. பெற்ற தாயிலிருந்து அண்ணி வரை ஒருவருக்கும் கேட்காதது இவளுக்குக் கேட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது, குரலில் அடைத்த இடத்தை விட்டுவிட்டு மூச்சு வழியாக வெளியே வந்திருக்கிறது.

"இப்ப என்ன செய்யலாம்?" என்றாள்.

"கேள்வியை மட்டும் வாசிங்க. விடையை நான் முதல்ல சொல்லிடறேன். அப்புறம் நாலையும் வாசிங்க. சொன்னதை மாத்த மாட்டேன்."

"பின்வருவனவற்றுள் எது தவறுன்னு வந்தா? நாலையும் கேக்காம எப்படிச் சொல்லுவே?"

பெண் யோசித்தாள். "அப்ப நாலுக்கும் மூச்சு எடுங்க. ஒரே மாதிரி. நல்லாப் பெருசா."

ஓவிய ஆசிரியர் உறையோடு வந்தார். மணி அடித்தது.

"தோள்பட்டை மூட்டு எவ்வகையைச் சேர்ந்தது?"

"பந்துக் கிண்ண மூட்டு. இப்ப வாசிங்க."

வாசித்தாள். குறித்தாள். ஓவிய ஆசிரியர் இதென்ன புது முறை என்பதுபோலப் பார்த்தார், ஆனால் விதியில் இதைத் தடுக்க ஒன்றுமில்லை என்பதால் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பெண்ணுக்குச் சில கேள்விகள் தெரியவில்லை. தெரியவில்லை என்றாலும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் விடைகளைக் கேட்டாள். அது தப்பு என்று இஸ்திரியக்காவுக்குத் தெரிந்தது. கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டு குறித்தாள். ஒரு பிள்ளை பள்ளத்தை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவ்வளவு லேசல்ல. தவறானது எது என்ற கேள்விகள் வந்தபோது ஒவ்வொரு விடைக்கும் முன்னால் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், ஓடி வந்து நின்றவள்போல. மற்றவர்கள் போன பிறகு, கூடுதல் நேரமும் முடிந்து கட்டடமே அமைதியானபோது, அவளுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. கடைசிக் கேள்வியை வாசிக்கையில் இஸ்திரி முழுதும் கலைந்துவிட்டது.

"இன்னிக்கு என்ன கலர்னு நான் கேக்கவே இல்லையே" என்றாள் பெண், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது.

"சாம்பல்."

"வராண்டாவுக்குப் போதும்னு உடுத்தினீங்களா?"

அவர்கள் போன பிறகு இஸ்திரியக்கா நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

இங்கேதான் சிலர் அவளைப் பைத்தியம் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணே காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அடுத்து வரும் பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னதை இன்னொரு பிள்ளை தெரியாமலே வாங்கிக்கொண்டு போகும். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

கண்காணிப்பாளர் ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரித்தார். "பொதுவா அந்தப் பொண்ணு முதல்ல பதிலைச் சொல்லிட்டுத்தான் சார் விடைங்களைக் கேட்டா. மீதிக்கு இந்தம்மா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினாங்க, ஆஸ்துமாவோன்னு நினைச்சேன்" என்றார் அவர். தாள் செல்லும் என்று முடிவானது. கண்காணிப்பாளர் மேஜையைப் பார்த்தார்.

"உங்களை இனிமே உயிரியலுக்குப் போட முடியாதும்மா."

"மத்ததும் அப்படித்தான் சார். எல்லாத்தையும் வாசிச்சிருக்கேன்."

"அப்ப..."

"தெரியும் சார்."

அடுத்த தேர்வுக் காலம் வந்தது. அவள் விடுப்பு போடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். நாள் முழுதும் குழாய்களைப் பற்றிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மூடிய தட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். அலமாரி முன்னால் நிற்பது நின்றுபோயிற்று. கைக்கு எது வந்ததோ அதை உடுத்தினாள்.

ஒருநாள் மத்தியானம் ஓர் அழைப்பு.

"அக்கா, நான்தான்."

"இந்த அழைப்பு பதிவாகுது. என்ன புகார்?"

"புகாரா? சரி, எழுதிக்குங்க. கடைக் குழாய் சொட்டுது."

"முகவரி?"

"அப்பா கடைதான். அப்புறம்க்கா, எடம் கெடச்சிடுச்சு. கொஞ்சம் தூரம், விடுதியில தங்கணும். பயிற்சியில வாங்கினதைவிட மார்க்கு குறைச்சல்தான். ஆனா இது என்னுது."

இஸ்திரியக்கா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். "குறிச்சுட்டேன்" என்றாள், பச்சைத் தண்ணீர்போல.

அந்தப் பக்கம் சிரிப்பு. "மூச்சு கேட்டுச்சுக்கா."

அன்று சாயங்காலம் அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அண்ணி டிவி முன்னால் இருந்தாள். தட்டு மேடையில் மூடி இருந்தது. இஸ்திரியக்கா அதை எடுக்காமல் வந்து அண்ணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"அன்னிக்கு நான் போன்ல சொன்னப்போ, அண்ணன் இறந்துட்டார்னு சொல்றதுக்கு முன்னாடி, நான் மூச்சு எடுத்தேனா? உங்களுக்குக் கேட்டுச்சா?"

அண்ணி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "உன் மூச்சையா நான் கேட்டுக்கிட்டிருந்தேன்?" என்றாள். "எனக்கே மூச்சு நின்னு போச்சு."

இஸ்திரியக்கா நின்றுகொண்டே இருந்தாள். அண்ணி சொன்னதில் கோபம் இல்லை. உள்ளது உள்ளபடி இருந்தது. அந்த அழைப்பின் இரண்டு முனையிலும் அன்று ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் நடுவில் ஆள் இல்லை.

"சரி அண்ணி" என்றாள்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னே?"

திரும்பச் சொல்லட்டுமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். இனி யாருக்கும் எதையும் திரும்ப வாசிக்கும் வேலை அவளுக்கு இல்லை.

"சரின்னு சொன்னேன், அண்ணி."

அண்ணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பினாள். சத்தத்தை மட்டும் ஏற்றவில்லை. இஸ்திரியக்கா தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று கதவைச் சாத்தாமல் சாப்பிட்டாள்.